மஞ்சள் கோடு முங்கிய மதியம்

என் கட்டெறும்புப் புருஷனுக்கு,

வெள்ளம் உங்களைக் கொண்டுபோய் ஆறு மாதமாகியும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நான் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன்.

நான் வேலை செய்யும் வீட்டு இன்ஜினியரம்மா, ஆறு ஏறினால் போனில் அலறும் ஆப் ஒன்றை நம் ஊருக்கு இலவசமாகச் செய்கிறாள்.

"அக்கா, எவ்வளவு ஏறுனா உங்க தெருவுக்குத் தண்ணி வரும்?"

"பாலத்துத் தூணுல மஞ்சக் கோடு முங்குனா, மூணு மணி நேரத்துல எங்க வாசப்படி நனையும்மா."

வெள்ளம் வந்த அன்றைய ஆற்று அளவைத் தேடிக் காட்டினாள். மதியம் இரண்டுக்கே கோடு முங்கிவிட்டது. ஆற்று அளவெடுக்கும் ஆபீஸ்காரர்கள் அதை எல்லோரும் பார்க்கக் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார்கள். யார் பார்க்க? தெருவில் வந்து ஒரு குரல் கொடுக்க ஒருத்தனுக்கும் வாயில்லை. வயிறு எரிகிறது.

உங்கள் மேலும் கோபம்தான். அன்று மதியத் தூக்கத்தில் போன் அலறியிருந்தால் எழுந்து ஓடியிருப்பீர்களா, "பாத்துக்கலாம் விடு" என்று புரண்டு படுத்திருப்பீர்களா?