உளுந்து பார்க்காத மனிதர்கள்

நாள் 221 — 09:10
பதிவு: ஆக்னஸ் பொன்மலர், கால்நடை மருத்துவர், கிழக்கு ஆய்வுக்கூடம், செவ்வாய்க் கோள்.
இங்கே நான் ஒருத்திதான். மற்ற பதினோரு பேரும் தலைமை நிலையத்தில் இருக்கிறார்கள். அங்கிருந்து இங்கே வர, திறந்த வண்டியில் விண்ணுடையோடு ஒரு மணி நாற்பது நிமிடம். ஓடுகிற வண்டியும் அது ஒன்றுதான்.
செயற்கைக் கருப்பையில் பிறந்த நாய்க்குட்டிக்கு இன்று மூன்று வாரம். எடை 1.1 கிலோ. நல்ல கறுப்பு. உளுந்து என்று பெயர் வைத்திருக்கிறேன்.
இன்று முதல் பதினான்காம் வாரம் வரை முக்கியமான காலம். இப்போது பழகும் முகங்களுக்கும் சத்தங்களுக்கும் பிறகு அது மிரளாது. பழகாத எதைக் கண்டாலும் மிரளும், சில சமயம் கடிக்கும். அதனால் வாரம் ஒருவராவது வந்து, விண்ணுடையோடும் தலைக்கவசத்தோடும் அதனுடன் இருக்க வேண்டும். திட்டத்தை எழுதியவள் நான்.

நாள் 235 — 16:40
இரண்டு வாரப் புழுதிப் புயலுக்குப் பின் முதல் விருந்தாளி. பொறியாளர் சிக்கந்தர்.
உளுந்து ஓடிப்போய் அவன் காலணியை முகர்ந்தது. சிறிது நேரத்தில் அதன் மேலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டது. என் மடியில் ஒரு நாளும் அப்படித் தூங்கியதில்லை.
சோதனை முடிவு: மிகச் சிறப்பு.
இரண்டு மணிக்கொரு முறை பால் புகட்டியவள் நான். அவன் வந்து முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

நாள் 238 — 08:15
நிலையத்துக்கு அனுப்பிய செய்தி: "குட்டிக்கு வயிற்றில் கிருமித் தொற்று. மறு அறிவிப்பு வரை யாரும் வர வேண்டாம்."
உண்மை நிலை: தொற்று இல்லை. மலம் சுத்தம். நன்றாகச் சாப்பிடுகிறது.

நாள் 263 — 11:30
ஒன்பது வாரம். 4.8 கிலோ. நான் குளிக்கப் போனால்கூடக் கதவைப் பிறாண்டுகிறது.
சிக்கந்தரின் செய்தி: "அக்கா, உளுந்து எப்படியிருக்கான்? கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டாவது போறேனே. அவனுக்குன்னு ஒரு பந்து செஞ்சு வச்சிருக்கேன்."
அவனுக்கு! என் நாய்க்கு இவன் எதற்குப் பந்து செய்ய வேண்டும்?
பதில்: "இன்னும் சரியாகவில்லை."

நாள் 298 — 10:00
பதினான்கு வாரம் முடிந்தது. இன்று என் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றேன். உளுந்து மேசைக்கடியில் ஒடுங்கிச் சிறுநீர் கழித்தது. கழற்றியதும் பாய்ந்து வந்து முகத்தை நக்கியது.
இதை அறிக்கையில் சேர்க்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சேர்க்கவில்லை.

நாள் 319 — 10:20
கிடங்கின் சுவர் வெடித்தது. கிடங்கு முழுவதும் போய்விட்டது. ஆய்வறையிலும் கசிவு. விழுந்ததில் என் இடது கணுக்கால் முறிந்திருக்கிறது. உதவி கேட்டேன்.
சிக்கந்தர்: "கிளம்பிட்டேன்க்கா. குட்டிய காத்தடைச்ச பயணப் பெட்டிக்குள்ள போட்டு வைங்க. ரெண்டு பேரையும் தூக்கிட்டு வந்துர்றேன்."

நாள் 319 — 13:10
காற்றறைக் கதவின் சத்தத்திலேயே, நான் மூடியைப் பூட்டுமுன், உளுந்து பெட்டியிலிருந்து திமிறி வெளியே வந்துவிட்டது. சிக்கந்தர் என்னைத் தூக்கக் குனிந்தான். உளுந்துக்குத் தெரிந்ததெல்லாம், முகமில்லாத ஏதோ ஒன்று என் மேல் விழுகிறது என்பதுதான். பாய்ந்து அவன் வலக் கையைக் கவ்வியது. கையுறை மணிக்கட்டு வரை கிழிந்துவிட்டது.
நான் கையை ஓங்கினேன். அவன் குரல் வானொலியில்: "அடிக்காதீங்கக்கா. பயந்துருச்சு. என்னைய மறந்துருச்சு போல."
மாற்றுக் கையுறைகள் கிடங்கில் இருந்தன. ஒட்டுநாடா சுற்றிப் பார்த்தோம். அழுத்தச் சோதனையில் பிய்ந்தது. நல்ல வலக் கையுறை என்னுடையது ஒன்றுதான். ஒருவர்தான் வெளியே போக முடியும். முறிந்த காலோடு என்னால் வண்டி ஓட்ட முடியாது.

நாள் 319 — 13:50
என் கையுறையோடு அவன் போய்விட்டான். போய் வர மூன்று மணி இருபது நிமிடம். என் விண்ணுடைக் குப்பியையும் சேர்த்தால் இங்கே காற்று மூன்று மணி நேரத்துக்கு.
போகுமுன் சொல்லிவிட்டேன், கிருமி ஒருபோதும் இருந்ததில்லை என்று. அவன் என் கையுறையை மாட்டி முடித்தான். பிறகு: "அத அப்புறம் பேசிக்கலாம்க்கா. நீங்க மூச்ச மெதுவா விடுங்க."

நாள் 319 — 15:45
தலைவலி. உளுந்து மடியில். அதற்கும் மூச்சு வாங்குகிறது.
இதைப் படிப்பவர்களுக்கு: நாய் மேல் குற்றமில்லை. அதைக் கொல்ல வேண்டாம். கவசத்தைக் கழற்றி முகத்தைக் காட்டிவிட்டு, உட்கார்ந்து, அதுவாக வரும்வரை காத்திருங்கள். நாளாகும். என்னிடம் பதினோரு வாரம் இருந்தது.

நாள் 319 — 17:08
கை எழுதவில்லை. குரலில் பதிகிறேன்.
வானொலி: "அக்கா, வந்துட்டோம். ரெண்டு பேரு உள்ள வர்றோம். நாய கெட்டியா புடிச்சுக்கோங்க. அக்கா? கேக்குதா?"
கேட்கிறது. கழுத்துப் பட்டையில் விரல் இருக்கிறது, மடங்கவில்லை. உளுந்து என் நெஞ்சின் மேல் ஏறி நின்று கதவைப் பார்த்து உறுமுகிறது. எனக்காக உறுமுகிறது. இப்போதுகூட, சிக்கந்தர், இப்போதுகூட எனக்கு அது
உள் கதவு திறக்கிறது. உளுந்து, வேண்டாம். இங்கே வா. உளு