வாசலில் விட்ட சப்பாத்து

என் அன்பு அத்தான்,

வருகிற ஞாயிறு உங்கள் ஆட்டைத் திவசம்; நீங்கள் போய் ஒரு வருடம். நினைவு மலருக்கு எல்லோரும் இரண்டு வரி எழுதுகிறார்கள். எனக்கு மட்டும் அக்கா ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறார். "நீ அவரை முதுகில சுமந்துகொண்டு மலையால இறங்கினதை எழுது, தம்பி. பிள்ளையள் அறிய வேணும்" என்றார்.

எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. சுமந்தது உண்மைதான். அதற்கு முன்னால் நடந்தது அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நீங்களும் நானும்தான். நீங்கள் போய்விட்டீர்கள். இனி நான் வாயைத் திறக்காவிட்டால் அக்கா உங்களைப் பற்றிப் பிழையாகவே நினைத்துக்கொண்டு இருப்பார்.

இந்த நாட்டில் வேட்டையாட அனுமதி தரும் பரீட்சையில் நான் தேறியபோது, "ஹோட்டலில கோழி வெட்டுறவனுக்கு இப்ப மான் கேக்குதோ?" என்று சிரித்தீர்கள். அக்கா சிரிக்கவில்லை. ஊரில் சண்டைக்குள் இருந்தவர், துவக்கென்றால் அவருக்கு இன்னமும் பயம். அதற்காகத்தான் கூட வந்தீர்கள். "நீ தனியத் துவக்கோட போனால் அவள் ஒரு வாய் சாப்பிடமாட்டாள். நானும் வாறன்" என்றீர்கள். உங்களுக்கு வேட்டையில் ஒரு விருப்பமும் இருக்கவில்லை.

அன்றைக்கு நீங்கள் போட்டுவந்தது பஸ்ஸுக்குக் காத்து நிற்கப் போடும் சப்பாத்து. உள்ளே இறுக்கமான இரண்டு சோடி சொக்ஸ். அதற்கு மேலே தமிழ்க் கடைப் பிளாஸ்டிக் பை, சிவப்பு எழுத்துத் தெரியக் கணுக்காலில் முடிச்சுப் போட்டிருந்தீர்கள். அகதி முகாமில் முதல் பனிக்குப் பழகியதாம். பை வியர்வையைப் பிடித்து வைக்கும், ஈரக் கால்தான் முதலில் விறைக்கும் என்று எனக்குத் தெரியும். மெல்லிய கம்பளி உள்ளே, தடித்தது வெளியே, விரல் அசைய இடம், மானுக்காகக் காத்து நிற்கும் இடத்துக்குப் போனதும் காய்ந்த சொக்ஸ், காலுக்குக் கீழே மரக்கிளை. இவ்வளவையும் பரீட்சைக்குப் பாடமாக்கியவன் நான். ஏன் ஒரு சொல் சொல்லவில்லை?

எங்கள் வேட்டைக் குழுவில் இருந்த தச்சர் வால்டரின் மலைக் குடிசையில், வேட்டைக்கு முன் எல்லோரும் கோப்பி குடிக்கக் கூடினோம். அவர்கள் சப்பாத்தைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் அடுப்படியில் வைத்தார்கள். நீங்கள் வாசலுக்கு வெளியே, படியில், பனிக்குள் சோடியாக வைத்துவிட்டு வந்தீர்கள். பிறத்தியார் வீட்டுக்குள் யாராவது சப்பாத்தைக் கொண்டுபோவார்களா? உங்களுக்கு அது மரியாதை.

கடைசியாக உள்ளே வந்தவன் நான். என் சப்பாத்து என் கையில். உங்களுடையதைக் கண்டேன், அத்தான். குனிந்து எடுத்திருக்கலாம். ஆனால் உள்ளே ஒருவன் உங்கள் கடைப் பையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பக் கூடாது என்று நினைத்தேன். கதவைச் சாத்தினேன்.

"கூட வந்திருப்பவர் யார்?" என்று வால்டர் ஜெர்மனில் கேட்டார். "எங்கள் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்" என்றேன். பொய் இல்லை. என் அக்காவைக் கட்டியவர், எனக்கு விசா இல்லாத காலத்தில் தன் கட்டிலைத் தந்துவிட்டுத் தரையில் படுத்தவர் என்பதைத்தான் விட்டுவிட்டேன். நீங்கள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி தலையாட்டினீர்கள்.

பிறகு மூன்று மணித்தியாலம், விறைத்த சப்பாத்தோடு, வெறும் பனியில் நின்றீர்கள். குளிர் தாங்காமல் காலை உதறினீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆடாதேங்கோ அத்தான், மான் ஓடிடும்" என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் அசையவே இல்லை. என் பையில் காய்ந்த கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி இருந்தது. எடுத்துக் கொடுத்தால் வால்டருக்கு முன்னால் அந்தக் கடைப் பையை அவிழ்க்க வேண்டிவரும். மான் ஒன்றும் வரவில்லை.

கால் விறைத்து நீங்கள் விழுந்ததும் ஓடிவந்து பையை அவிழ்த்தவர் வால்டர். விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. அவர் தன் சட்டையைத் தூக்கி, உங்கள் இரண்டு பாதத்தையும் தன் வெறும் வயிற்றில் அழுத்தி வைத்துக்கொண்டார். நான் துவக்கோடு பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகுதான் சுமந்தேன்.

காரில், "நீ சொன்னதில என்ன பிழை, தம்பி? பாத்திரம் கழுவிறவன்தானே நான்" என்றீர்கள். முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தவருக்கு அந்த ஒரு வரி ஜெர்மன் விளங்காது என்று எப்படி நினைத்தேன்?

இரண்டு கால்விரல் போயிற்று. சீனி வியாதியும் சேர்ந்துகொண்டது என்று டாக்டர் சொன்னார். அக்காவிடம் நீங்கள், "தம்பி காஞ்ச சொக்ஸ் தந்தவன். நான்தான் பஞ்சியில மாத்தேல்லை" என்றீர்கள். அந்தப் பொய் ஆறு குளிர்காலம் உங்களைத் துரத்தியது. நீங்கள் நொண்டும்போதெல்லாம் அக்கா, "அவன் தந்ததைப் போட உங்களுக்கு என்ன கேடு?" என்று ஏசுவார். நானும் மேசையில் இருப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டு இருப்பேன்.

ஹோட்டலில் பாத்திரம் கழுவப் புது மெஷின் வந்திருக்கிறது. ஆவி முகத்தில் அடிக்காது, உங்களுக்குப் பிடித்திருக்கும். இந்த வருடம் நான் வேட்டைக்குப் போகவில்லை. அக்கா நேற்றும் உங்கள் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு, "சொல்லுக் கேளாத மனுசன்" என்றார். நான் பேசாமல் இருந்தேன், அத்தான். நேற்றும்.

நாளைக்கு இந்தத் தாளை அக்காவின் கையில் கொடுக்கிறேன். அச்சுக்குப் போகுமா, அடுப்புக்குப் போகுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவர் வாசித்து முடிக்கும் வரை எதிரிலேயே இருப்பேன். எழும்பிப் போ என்றாலும் போகமாட்டேன். உங்களுக்கு விழுந்த ஏச்செல்லாம் எனக்கு வரவேண்டியது. முழுவதையும் இருந்து கேட்கிறேன்.

உங்கள் மச்சான்,
குகன்