தேவாலயம் அக்கரைக்குப் போகிறது

அன்பு மகன் ஏலிங்குக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சிக்ரி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நகரத்துக் குளிர் உன் நெஞ்சில் தங்கக் கூடாது என்பதுதான் என் கவலை. கறுப்புப் பசு கன்று போட்டது, வைக்கோல்தான் போதவில்லை.

செவ்வாயன்று, நீ வேலை பார்க்கும் அலுவலகத்தின் ஆளுநர் ப்ரோக்மன் வந்தார். அதிகாரிகளைப் படகில் கொண்டுபோய் விடும் முறை இந்தத் தடவை நம் வீட்டுக்கு, அப்பாதான் துடுப்புப் போட்டார். ப்ரோக்மனை எனக்கு இன்றா நேற்றா தெரியும், நீதிமன்ற எழுத்தராக நம் மாடியறையில் இரண்டு குளிர்காலம் இருந்தவர், "அக்கா, உங்க கஞ்சிக்காகவே வழக்கையெல்லாம் சீக்கிரம் முடிச்சிட்டு ஓடி வரேன்" என்பார். உன் அக்கா ஆஸ்லௌக்கை ஞானஸ்நானத்தில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் அவர், அவள் இறந்தபோது குழியருகே நின்று அழுதார். அப்புறம் வக்கீலாகி, நீதிபதியாகி, பாராளுமன்றம் போய், ஆளுநராகவும் வந்தபோது ஊரே நிமிர்ந்து நடந்தது. தேவாலயத்தை இடித்து அக்கரையில் வியாபாரியின் துறைமேட்டில் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததே, அவர் இருக்கும்வரை நடக்காது என்று எல்லாரிடமும் அடித்துச் சொன்னவள் நான்.

நடு நீரில் அப்பா கேட்டிருக்கிறார், கோயில் விஷயம் என்னாச்சுங்க ஐயா என்று. "முடிஞ்சுபோச்சு தூர்யஸ், வசந்தத்துல இடிக்கிறாங்க. இருக்கிற சனத்துக்குக் கோயில்ல இடம் பத்தலையே, அவ்வளவு சின்னக் கோயிலைச் சட்டம் விடுமா?" என்றாராம். நம்ம குழந்தை அங்கதானேங்க கிடக்கா என்றாராம் அப்பா. "எந்தக் குழந்தை?" என்று கேட்டிருக்கிறார். அப்பா துடுப்பை வலித்துக்கொண்டே இருந்தாராம். அப்புறம் அவரே, "உன் மகன்தானய்யா இதுக்கான காகிதம் எல்லாத்தையும் தயார் பண்ணிக் குடுத்தான், கெட்டிக்காரன்! வீட்ல சொல்லலையா?" என்று சிரித்தாராம்.

அவர் மறக்கட்டும், அவருக்கு ஒரு மாவட்டமே இருக்கிறது. நீ கிறிஸ்துமஸுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாய், நான் கேட்டதற்கு "ஒண்ணும் ஆகாதும்மா" என்றாய். அப்போதே எல்லாம் எழுதி முடித்திருந்தாய். இனிக் கல்லறைகளைப் பார்க்க ஆள் இருக்காது, மாடு புகும். அப்பா நேற்றிலிருந்து அவளைச் சுற்றி மட்டும் கல் அடுக்குகிறார். வசந்தத்தில் வந்து மீதியை நீ அடுக்கு. ஆளுநரோடு வராதே, தனியாக வா.

கம்பளிக் காலுறை அனுப்புகிறேன், கோபத்தில் பின்னியது, கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். ஆண்டவர் உன்னைக் காப்பாராக. உனக்காக ஜெபிக்க முடியாத நாள் எனக்கு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா மாரித்