நான் போட்ட டிக்

மார்ச் 4

இன்று நரம்பு டாக்டர் அறையில் இருந்தவர்கள்: டாக்டர், பயிற்சி சொல்லித்தரும் பெண், என் வீட்டுக்காரர், மகன், மருமகள், நான். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்றுகூடச் சொல்வேன். எனக்கு நாற்காலி இல்லை.

வீட்டுக்காரருக்கு வந்திருப்பது பார்க்கின்சன் என்கிற நடுக்கு நோய். ஆரம்பம்தானாம். "மாத்திரை நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கும். தினமும் மூச்சு வாங்குற அளவுக்கு உடம்பை வேலை வாங்கினா நோய் மெதுவாப் போக வாய்ப்பிருக்கு. இப்பவே ஆரம்பிங்க" என்றார் டாக்டர். கையை வீசி வேகநடை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து இருபது தடவை எழுந்திருப்பது. சத்தம் போட்டு எண்ணுவது. செய்த நாளுக்கு அட்டையில் ஒரு டிக்.

அட்டையை மருமகள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். "அத்தை, மாமா கெஞ்சினாலும் விட்டுடாதீங்க."

உத்தரவு! கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே என்னைக் கேட்காமல் என் அலமாரியைக் கலைத்து அடுக்கியவள். பதினோரு வருஷம் ஆகிறது. மறப்பேனா?

மார்ச் 19

தெருவில் கையை வீசி "ஒண்ணு, ரெண்டு" என்று கத்திக்கொண்டு போனார். தெருமுனை வரை போய்த் திரும்பினார். எதிர்வீட்டுக்காரி, "என்ன, பட்டாளத்துல சேரப் போறாரா?" என்று கேட்டுச் சிரித்தாள். மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். நாளையிலிருந்து வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும்.

ஏப்ரல் 8

"இன்னிக்கு ஒரு நாள் விடேம்மா, முடியல" என்றார். அச்சகத்தில் நாற்பது வருஷம் நின்றே வேலை பார்த்த கால்கள். உட்காரட்டுமே.

சாயங்காலம் மருமகள் ஃபோனில்: "டிக் போட்டாச்சா அத்தை?" அவளிடம் போய் இல்லை என்று சொல்வதா? போட்டேன்.

ஏப்ரல் 9

இன்றும் போட்டேன்.

ஜூன் 12

அட்டையில் ஒரு கட்டம் காலியில்லை. "ரொம்ப நல்லாப் பாத்துக்கிறீங்கம்மா" என்றார் டாக்டர். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். என்னை யாரும் அப்படி மெச்சியதில்லை. முகம் சூடாகிவிட்டது. பெருமையா, வெட்கமா? வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 27

சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். நிலைப்படி வந்தால் அவர் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது.

டாக்டர் அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு பயிற்சி செஞ்சும் இறங்குதே..." என்று மாத்திரையைக் கூட்டினார். உண்மை வாய்வரை வந்தது. பக்கத்தில் மருமகள் நின்றாள். விழுங்கிவிட்டேன்.

செப்டம்பர் 15

"பாவம், வந்தவரு நின்னுட்டே இருக்காரு. உக்காரச் சொல்லு" என்கிறார். அறையில் ஆளே இல்லை. கூட்டின மாத்திரைதான் இப்படிக் காட்டுகிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோனில் சொன்னார்கள். நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் — யார்கிட்ட ஜெயிக்கப் பாத்தேன் நான்?

செப்டம்பர் 16

சொல்லிவிட்டேன். மகன் முன்னால், மருமகள் முன்னால். "அதெல்லாம் நானாப் போட்ட டிக். ஏப்ரல்லேருந்து அவர் செய்யல. நானும் செய்ய வைக்கல."

டாக்டர் கத்தவில்லை. பேனாவை மூடி வைத்தார். "செஞ்சிருந்தா இப்படி ஆகியிருக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா செய்யலன்னு தெரிஞ்சிருந்தா மாத்திரையைக் கூட்டியிருக்க மாட்டேன்." மாத்திரையைக் குறைத்து எழுதிக் கொடுத்தார்.

மகன் வெளியே போய்விட்டான். வராந்தாவில் மருமகள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அலமாரி விஷயத்தை அந்த வராந்தாவிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

டிசம்பர் 2

இல்லாத ஆள் இப்போது வருவதில்லை. போன கால் பலம் மட்டும் திரும்பி வரவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் கதவு வரை வந்தார், அவ்வளவுதான். எண்ணச் சொன்னால் குரல் பக்கத்தில் நிற்கும் எனக்கே கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து நான்கு தடவை எழுந்தார். அட்டையில் டிக் போடவில்லை, நான்கு என்று எழுதினேன்.

"என்னை நல்லாத் திட்டுங்களேன்" என்றேன்.

"எதுக்கு? முடியலன்னு சொன்னது நான்தானே. நீ பாவம் பாத்த."

மருமகளை மன்னித்தாயிற்று. எதிர்வீட்டுக்காரியையும் ஒருநாள் மன்னிப்பேனோ என்னவோ. நான் டிக் போட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு, இன்றைக்கும் எனக்குப் பரிந்து பேசுகிறாரே, என் வீட்டுக்காரர் — அவரை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.