சம்பந்திக்கு எதிராக ஒரு சாட்சி

செவ்வாய், ஒக்ரோபர் 14
மழை, நான்காம் நாள். பால் முடிந்தது. நீதிமன்ற அழைப்பாணை வந்தது: புதன் 22, காலை 9.00, சாட்சி. வராவிட்டால் தண்டம், பொலிஸ் வந்து கூட்டிச் செல்லவும் கூடும். எழுபத்தெட்டு வயதில் பொலிஸ் வாகனச் சவாரி. எங்கள் குரோருட் குடியிருப்பு முழுவதும் யன்னலில் நிற்கும். ஆசையாகத்தான் இருக்கிறது.

விடயம்: ஓகஸ்டில் ட்வெய்ட்டா கடைத்தொகுதித் தரிப்பிடத்தில், மகளின் மாமனார் பரமநாதன் (இனி ப.) காரைப் பின்னுக்கு எடுத்து இன்னொரு காரின் கதவை நசுக்கினார். நில்லாமல் போய்விட்டார். பக்கத்து இருக்கையில் நான். இடித்ததே தெரியாது என்கிறார். வழக்கு. தோற்றால் சாரதி அனுமதிப்பத்திரம் போகலாம்.

வியாழன் 16
ப. வந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு. லஞ்சம்.
"நாங்கள் சம்பந்தி எல்லே? சொந்தக்காரர் சாட்சி சொல்லத் தேவையில்லை. வாயைத் திறவாதேங்கோ. என்ரை காதுக் கதையும் வேண்டாம். செவிட்டுக் கிழவன் எண்டுவினம்."
"வாயைத் திறவாமல் இருக்க எனக்கு ஏலாது."
"ஓம், அது தெரியும்."
மகள் தொலைபேசியில்: "அம்மா, மாமாவை மாட்டிவிட்டால் நான் இஞ்சை என்னெண்டு இருக்கிறது?"
இந்த நாட்டுச் சட்டத்தைப் படித்தேன். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார், மாமனார், மருமகன் மறுக்கலாம். சம்பந்தி பட்டியலில் இல்லை. நானூறு பேருக்குச் சோறு போட்டு உண்டாக்கிய உறவு, சட்டத்துக்கு அந்நியர்.

புதன் 22
வெயில். சாம்பல் நிறக் கோட்டு. நீதிபதி இளம் பெண். என்ன உறவு என்றார். மகளின் கணவரின் தந்தை. விரல் மடித்து எண்ணினார். மறுக்க முடியாது, மறுத்தால் தண்டம். எழுந்து நின்று உறுதியளித்தேன்.
சத்தம் கேட்டதா? கேட்டது. ப.விடம் சொன்னீர்களா? இருமுறை. ப. தலை குனிந்தார். மகள் என்னைப் பார்க்கவில்லை. அவர் என்ன செய்தார்? தேவாரம் பாடிக்கொண்டு ஓட்டினார். அவருக்கு ஏன் கேட்கவில்லை?
தண்டத்தையே கட்டிவிடலாமா என்று ஒரு கணம் யோசனை. சொன்னேன்: காதுக்கருவி சட்டைப்பையில். நான் காரில் ஏறினால் கழற்றிவிடுவார். நான் அதிகம் கதைப்பேனாம்.
நீதிபதி தண்ணீர்க் குவளைக்குப் பின்னால் ஒளிந்தார்.
ப. எனக்குக் காத்திராமல் ரயிலில் போனார்.

திங்கள் 27
தீர்ப்பு. தெரிந்து ஓடவில்லை, விடுதலை. அனுமதிப்பத்திரம் தப்பியது. மகள்: "மாமி இன்னும் சிரிச்சு முடிக்கேல்லை." ப.விடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.
முருங்கைக்காய் வாங்க வேண்டும்.

புதன் 29
காலை வாசலில் ப.வின் கார். கருவி காதில், எல்லோரும் பார்க்க. ஏறினேன். ட்வெய்ட்டா வரை நான் வாயே திறக்கவில்லை, வேண்டுமென்றே.
சிவப்பு விளக்கில் காதைத் தட்டிப் பார்த்தார்.
"ஏதாவது கதையுங்கோவன், சம்பந்தி. பற்றரி முடிஞ்சுதோ எண்டு பயந்து போனன்."