பிளேட்டில் ஏறாத குரல்

நவம்பர் 5, 1968, செவ்வாய்

விடாத மழை. தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்ட வழியில்லை. தறி ஆட்கள் டீ குடித்துக்கொண்டு சும்மா. வாங்க: புளி, காபித் தூள், இவருக்கு இருமல் மருந்து.

மகளோடு மாப்பிள்ளை மெட்ராஸிலிருந்து வந்தார். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர், பழைய குப்பையெல்லாம் கண்ணில் படும். கையில் ஒரு பழைய கிராமபோன் பிளேட். அதில் என் பெயர்! கல்யாணத்துக்கு முன் பாடியது. நானே கேட்டதில்லை. "நம்ம வூட்டுப் பொம்பளைங்க பாடறதில்ல" என்று தாலி கட்டின கையோடு சொல்லிவிட்டார் இவர். அத்தோடு பாட்டும் போச்சு. மகள் கஸ்தூரி என் பாட்டைக் கேட்டதே கிடையாது. நாளைக்குக் கேட்கட்டும்.

நவ. 6, புதன்

கேட்டாள். மூக்கடைத்த எலி மாதிரி ஒரு கீச்சுக் குரல். பைரவியில் கீழே இறங்குவேனே, அதற்குத்தான் கூட்டமே வரும். அந்த இடத்தில் வெறும் கரகர. மிருதங்கம் என்ன ஆச்சோ. அந்தக் கால வழக்கப்படி கடைசியில் பெயர் வேறு சொல்லியிருக்கிறேன். "காஞ்சிபுரம் அரோஜா." சரோஜாவில் ச-வைக் காணோம்.

கஸ்தூரி விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்தக் குரலுக்காம்மா இத்தினி வருஷமா அப்பாவக் கரிச்சிக் கொட்டிக்கினு இருந்தே?"

மாப்பிள்ளைதான் பரிந்து பேசினார். "அப்போ மைக் ஏது? தகரக் குழாய்க்குள்ள பாடணும். அடிக்குரல் அதுல ஏறாது. ச, ஸன்னு மெல்லிசா வர்ற சத்தமும் ஏறாது. நடுவுல இருக்கறது மட்டும்தான் மிஞ்சும். இத வெச்சி அத்தை குரல எடை போடாதே."

"ஏதாவது சாக்கு" என்றாள்.

வாஸ்தவம்தான் அவர் சொன்னது. கீழே பாடினால் பிளேட் பதிய வந்த வெள்ளைக்காரத் துரை என் தலையைக் குழாய்க்குள் தள்ளினான், மேலே போனால் பின்னால் இழுத்தான். கத்து, கத்து என்றான். கத்தினேன். பாவி.

நவ. 7, வியாழன்

வெயில். பாவு ஓடுகிறது. மருந்து மறந்தாச்சு.

பாடிக் காட்டலாமென்று சமையலறையில் முயன்றேன். தொண்டை கிழிகிறது. அம்மா இல்லை, பாட்டு வாத்தியார் இல்லை. என் குரலைக் கேட்டவர்களில் இவர் ஒருத்தர்தான் பாக்கி. பெண் கேட்டு வருமுன் கோயில் கச்சேரியில் தூணோரம் நின்று, கண்ணில் நீரோடு கேட்ட மனுஷன். நான் பார்த்தேன்.

நவ. 8, வெள்ளி

சாப்பிடும்போது இவரைக் கேட்டேவிட்டேன். கஸ்தூரி பக்கத்திலேயே இருந்தாள். "நீங்களாவது இவகிட்ட சொல்லுங்க. நான் எப்படிப் பாடுவேன்?"

மோர் ஊற்றிப் பிசைந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"பிளேட்டுல கேக்குதில்ல? அப்படித்தாம்மா பாடிக்கினு இருந்தா."