குப்பம்மா குதித்தாள்

தளி, 1957, தை மாதம்

என் உயிரான மாதம்மா,

நம் குப்பம்மா நடக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

முதல் இரண்டு பிள்ளைகளும் தங்காமல் போனபின், இவளாவது தங்கட்டும் என்று குப்பையில் புரட்டியெடுத்துப் பேர் வைத்தாய். அதன்பின் அவள் காலை மண்ணில் படவிட்டாயா? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் களியும் கிளறினாய். நீ கண்ணை மூடியபின் அவளை இறக்கிவிட்டால், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டடி வைப்பாள். உடனே உட்கார்ந்து, தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவாள். கால் ஊனம் என்றே ஊர் முடிவு கட்டிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே புதிதாகச் சர்க்கார் பால்வாடி வந்திருக்கிறது. டீச்சரம்மா அவள் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார்.

"கால்ல ஒண்ணுமில்லீங்க. பயந்தான். வெளையாட வுடுங்க" என்றார்.

அந்த விளையாட்டு என்னவென்று கேள். தரையில் ஓர் ஏணியைக் கிடத்தியிருக்கிறார்கள். அதைப் படிப்படியாகத் தாண்ட வேண்டும். ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் பீப்பாய், இரண்டு பக்கமும் வெட்டியது. அதற்குள் தவழ வேண்டும். பிறகு தைலமரக் கட்டைமேல் நடந்துபோய், கேழ்வரகு வைக்கோலில் குதிக்க வேண்டும். முதலில் நம் பிள்ளை வைக்கோலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஏணி. அப்புறம் பீப்பாய். டீச்சரம்மா அவசரப்படவே இல்லை.

நேற்று அவளை அழைத்துவரப் போனவன் வேலியோரம் அப்படியே நின்றுவிட்டேன். ஏணியைத் தாண்டினாள். பீப்பாய்க்குள் புகுந்து மறுபக்கம் தலையை நீட்டிச் சிரித்தாள். கட்டையின் நடுவில் வந்ததும் அடுத்த அடி வைக்கத் தயங்கினாள். கன்னடக்காரப் பிள்ளைகள் "பா, பா" என்று கைகாட்டிக் கூப்பிடுகிறார்கள். நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"வேணாம்ப்பா. நானே வர்றேன்" என்றாளே, மாதம்மா!

நடந்து முடித்தாள். குதித்தாள். வைக்கோல் தூசியோடு எழுந்து, மறுபடி ஏணிக்கு ஓடினாள். ஓடினாள்! நான் வாய் பிளந்து நின்றேன். அந்தச் சின்ன உடம்பில் இத்தனை தைரியம் எங்கிருந்து வந்தது? சுமந்த நாளெல்லாம் நீ ஊட்டியதா?

நாளை ஏணியைச் சுவரில் சாய்த்து வைக்கப் போகிறார்களாம். நான் கீழே நிற்பேன். அவள் கூப்பிடாமல் தொடமாட்டேன், இது சத்தியம். ஆனால் என் கை என் பேச்சைக் கேட்காது. அப்போது நீ வந்து அதைப் பிடித்துக்கொள்.

உன் குப்பம்மாவின் அப்பா